எல்.எஸ்.டி. சத்தம் போட்டால் முதலில் ஜாக்கியை எடுங்கள்: அறிகுறி வாரியாகக் கோளாறு கண்டுபிடிப்பது

ஒரே வாரத்தில் இரண்டு கார்கள் ஒரே புகாரோடு என் பட்டறைக்கு வந்தன. ஒன்று நிஸான் சில்வியா எஸ்15, இன்னொன்று ஹோண்டா சிவிக் எஃப்டி2 டைப் ஆர். இரண்டு தம்பிகளும் சொன்னது ஒன்றுதான்: “அண்ணே, பேரங்காடி கார் நிறுத்தத்துல மெதுவா வளைச்சா கட-கடன்னு சத்தம். டிஃப் போயிருச்சா?”

டிஃப் என்பது டிஃபரென்ஷியல்: இன்ஜின் விசையை இரண்டு ஓட்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்தான் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்). சில்வியாவில் இருந்தது அதில் பிளேட் வகை டூ-வே (வகைகளைக் கீழே விளக்குகிறேன்). அதில் அந்தச் சத்தம் இயல்பானது. ஆயில் பழசாகிப்போனதால் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். டைப் ஆரில் கம்பெனியே போட்டு அனுப்பிய ஹெலிகல் வகை இருக்கிறது. அது அப்படிச் சத்தம் போடவே கூடாது. கழற்றிப் பார்த்தால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க மூட்டான சிவி ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே மணல் ஏறியிருந்தது.

இதனால்தான் ‘இந்தச் சத்தத்துக்கு என்ன மருந்து’ என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, ‘உள்ளே இருப்பது எந்த வகை’ என்று. ஒரு வகையில் நோயாக இருப்பது இன்னொரு வகையில் குணம். அது தெரியாமல் கியர்பாக்ஸை இறக்கினால் கூலியும் நாளும் வீண். கோலாலம்பூர் செந்தூலில் இந்த வேலையை விரும்பிச் செய்கிறவன் என்ற முறையில், நான் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது எது?

சாதாரண டிஃபரென்ஷியல், அதாவது நாம் ‘ஓபன்’ என்று சொல்வது, இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கலில் நின்று 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்குகிறது என்றால், நல்ல பிடியில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் 100தான். மீதிச் சக்தியெல்லாம் வழுக்கும் சக்கரத்தைச் சுழற்றுவதில் போய்விடும். இதை மாற்றத்தான் எல்.எஸ்.டி.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது மூன்று வகை.

பிளேட் வகைக்குள் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கியிருக்கும். நடுவிலுள்ள குறுக்குத் தண்டு, சரிவு வெட்டிய இரண்டு பிரஷர் ரிங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அந்தத் தண்டு சரிவில் ஏறி ரிங்குகளை வெளியே தள்ளும். பிளேட்டுகள் இறுகி இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். மிதிக்கும்போது மட்டும் பூட்டினால் ஒன்-வே. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி பூட்டினால் டூ-வே. விடும்போது கொஞ்சம் குறைவாகப் பூட்டினால் ஒன்-பாயிண்ட்-ஃபைவ்.

ஹெலிகல் வகையில் பிளேட்டே கிடையாது. டோர்சன், குவைஃப் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சாய்ந்த பல் கொண்ட கியர்கள் விசை ஏறும்போது உறையோடு அழுந்தி உராய்வதால் பூட்டு உண்டாகிறது. அதற்கென்று ஒரு விகிதம் உண்டு. 2.5 என்றால், வழுக்கும் சக்கரம் 100 தாங்கினால் மற்றதுக்கு 250 வரை போகும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்? பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இந்த ஒரு கணக்கைப் பிறகு ஓர் அறிகுறியில் திரும்பப் பார்ப்போம்.

விஸ்கஸ் வகை ஒரு மூடிய டப்பா. உள்ளே துளையிட்ட தகடுகளும் கெட்டியான சிலிக்கோன் திரவமும் இருக்கும். இரண்டு சக்கரத்தின் வேகமும் வித்தியாசப்பட்டால்தான் இது வேலை செய்யும். எஸ்13, எஸ்14 சில்வியாக்களில் கம்பெனி எல்.எஸ்.டி.யாக வந்தது இதுதான். எஸ்15 ஸ்பெக் ஆரில் நிஸான் ஹெலிகலுக்கு மாறியது. மேலே சொன்ன எஸ்15இல் ட்ரிஃப்ட்டுக்காகப் பிறகு யாரோ டூ-வே மாற்றியிருந்தார்கள்.

இனி ஜாக்கி. இரண்டு ஓட்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின்சக்கர ஓட்டம் என்றால் ஹேண்ட்பிரேக்கை விட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் அதே திசையில் சுற்றுகிறதா? பெரும்பாலும் பிளேட் வகை, அதுவும் இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் ஓபனாக இருக்கலாம், ஹெலிகலாகவும் இருக்கலாம், பிளேட் தேய்ந்து தீர்ந்ததாகவும் இருக்கலாம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ‘எல்.எஸ்.டி. இல்லை’ என்று முடிவு கட்டுகிறார்கள்.

அடுத்த படி: ஒரு சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, தூக்கிய சக்கரத்தை நீளமான கம்பி போட்டுத் திருப்புங்கள். பிளேட் வகை முரண்டு பிடித்து, ஒரு கட்டத்தில் விடும். விஸ்கஸ் மெதுவாகத் திருப்பினால் கூழில் கரண்டி விட்டது போல வழிவிடும். வேகமாகத் திருப்பினால் இறுகும். ஹெலிகல் கிட்டத்தட்ட ஓபன் மாதிரியே இலகுவாகத் திரும்பும்.

ஹாஃப்-கட் கடையில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்கள் விற்கும் இடம்) ஹோண்டா கியர்பாக்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் போகும் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஒரு தண்டு மறைத்தால் ஓபன், அல்லது பிளேட். மறுபக்க வெளிச்சம் நேராகத் தெரிந்தால் ஹெலிகல். ‘ஒரிஜினல் எல்.எஸ்.டி.’ என்று சொல்லி விற்ற பெட்டியைத் தம்பி ஒருவர் நம்பி வாங்கி வந்தார். டார்ச் அடித்த அந்த நிமிடமே அவர் முகம் வாடியது. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த டார்ச்சை அடித்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

மெதுவாக வளைக்கும்போது கட-கட, அல்லது டயர் கிறீச்

பேரங்காடியின் பளபளப்பான தரைதான் இந்தச் சத்தத்தை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் இடம். முதலில் சிவி ஜாயிண்ட்டைப் பிரித்தறியுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது சக்கரத்தின் வேகத்துக்கேற்ப ‘டிக்-டிக்’ என்று தாளமாக வந்தால் ஜாயிண்ட். ஆக்ஸிலேட்டரை விட்டு உருட்டினாலும் வருகிறது, தாளமில்லாமல் உடம்பே அதிர்கிறது, வண்டி சூடான பிறகு கூடுகிறது என்றால் பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடுகின்றன.

பிளேட் வகைக்கு மருந்து பெரும்பாலும் ஆயில்தான். எல்.எஸ்.டி.க்கென்று உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த கியர் ஆயில் வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன தரத்தைப் பாருங்கள். பின் டிஃப் என்றால் பொதுவாக ஜிஎல்-5 தரம். பழையதை வடித்துப் புதியதை ஊற்றியதும் சாலையில் விரட்டாதீர்கள். காலியான இடத்தில் மெதுவாக எட்டு போடுங்கள், இடமும் வலமும் மாற்றி மாற்றி. புதிய ஆயில் பிளேட்டுகளின் இடுக்கு வரை போக இதுதான் வழி. பத்துமலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தில்தான் நான் இதைச் செய்வேன்.

சத்தம் இன்னும் இருந்தால் உராய்வு குறைக்கும் கலவையைத் தனியாகச் சேர்க்கலாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. சத்தம் சுத்தமாக நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே போனால் பூட்டும் சக்தியும் கூடவே போய்விடும். அப்புறம் எதற்கு எல்.எஸ்.டி.?

முன்சக்கர ஓட்டக் காரில் இன்னொரு சங்கடம். அங்கே டிஃபரென்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பங்குபோடுகின்றன. பிளேட்டுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஜிஎல்-5 ஊற்றினால், சில ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற்ற உதவும் பித்தளை சிங்க்ரோக்களைப் பாதிக்கும். ஆகவே கியர்பாக்ஸுக்கும் பிளேட்டுக்கும் இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஹெலிகல் உள்ள ஹோண்டாவுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதன் சொந்த கியர்பாக்ஸ் ஆயில் போதும். கலவை எதுவும் சேர்க்கவே வேண்டாம்.

புதிய பிளேட் போட்ட முதல் சில நாள் சத்தம் கூடத்தான் இருக்கும். பழக்கி ஓட்டி, முதல் ஆயிலை வடித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

வளைவை விட்டு வெளியேறும்போது உள்சக்கரம் சும்மா சுற்றுகிறது

இதுதான் எல்.எஸ்.டி. தன் வேலையைச் செய்யவில்லை என்பதன் நேரடி அடையாளம். சிப்பாங் ஓடுதளத்தின் 9ஆவது வளைவும் கடைசியான 15ஆவது வளைவும் இதை நன்றாக வெளிக்காட்டும். இரண்டுமே மெதுவாக, இறுக்கமாக இடப்பக்கம் திரும்புகிறவை. வெளியேறும்போது இன்ஜின் சத்தம் ஏறும், கார் ஏறாது.

பிளேட் வகை என்றால் ப்ரீலோடை, அதாவது விசை கொடுக்காதபோதே பிளேட்டுகளை அழுத்தி வைத்திருக்கும் இறுக்கத்தை, அளந்து பாருங்கள். ஒரு சக்கரம் தரையில், ஒன்று மேலே, கியர் நியூட்ரலில். தூக்கிய சக்கரத்தின் மையத்தில் டார்க் ரெஞ்ச் போட்டு, எத்தனையில் நகரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய நாளில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் இதற்கு அர்த்தம். அதனால்தான் பொருத்திய அன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். எண் நன்றாக இறங்கியிருந்தால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிளேட் செட் மாற்றிக் கட்டினால் பழையபடி ஆகும். இந்த வகையின் பெருமையே அதுதான்: தேயும், ஆனால் திரும்பக் கட்டலாம்.

ஹெலிகலில் இதே அறிகுறி வந்தால் டிஃப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் சஸ்பென்ஷனைப் பாருங்கள். முன்சக்கர ஓட்டக் காரில் முன்பக்கம் தடித்த ஆண்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டிருந்தால், வளைவில் உள்பக்க முன்சக்கரத்தின் எடை போய்விடும். எடை இல்லாத சக்கரத்தில் விசை பூஜ்யத்தை நெருங்கும். பூஜ்யத்தைப் பெருக்கிய அந்தக் கணக்கு இங்கேதான் வருகிறது. முன் பாரைக் குறைத்து, பின் பாரைக் கொஞ்சம் கூட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். ஓட்டும்போது கைகொடுக்கும் உபாயம் ஒன்று: ஆக்ஸிலேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். வழுக்கும் சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கும் எதிர்ப்பை ஹெலிகல் பெருக்கி மறுபக்கம் அனுப்பும். இதைப் பழகுவதும் ஓடுதளத்தில்தான், சாலையில் வேண்டாம்.

விஸ்கஸ் என்றால் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: அது போய்விட்டது. வருடக்கணக்கான சூட்டில் திரவம் தன் குணத்தை இழந்துவிடும். மூடிய டப்பா என்பதால் பட்டறையில் திறந்து கட்டும் பழக்கம் இல்லை. இத்தனை வயதான எஸ்13இல் கம்பெனி விஸ்கஸ் இன்னும் முழு பலத்தோடு இருக்கும் என்று நம்பாதீர்கள். சாலைக்கு என்றால் ஹெலிகல், ட்ரிஃப்ட்டுக்கு என்றால் பிளேட். அந்தப் பணத்தை அங்கே போடுங்கள். சில சமயம் விஸ்கஸ் நேர்மாறாக, சூட்டில் இறுகி அப்படியே பூட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது மெதுவான வளைவில் கார் முரண்டு பிடிக்கும், டயர் இழுபடும்.

ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிறது

இது முன்சக்கர ஓட்டக் கார்களின் புகார். சத்ரியா ஜிடிஐ, பழைய சிவிக் போன்றவற்றில் பிளேட் வகை போட்டவர்கள் அடிக்கடி சொல்வது. எல்.எஸ்.டி. விசையைப் பிடி அதிகமுள்ள பக்கம் அனுப்புகிறது; அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை இழுக்கத்தான் செய்யும். ஓரளவுக்கு அது அதன் சுபாவம்.

சுபாவத்தைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்க டயரிலிருந்து தொடங்குங்கள். இடதும் வலதும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தமா? பஞ்சர் ஆனபோது ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. விட்டம் வித்தியாசப்பட்டால் நேர்ச்சாலையிலும் எல்.எஸ்.டி. ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். பிளேட்டுக்குத் தேய்மானம், விஸ்கஸுக்கு மரணம். அதற்கப்புறம் அலைன்மெண்ட், லோயர் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்ட். இவை எல்லாம் சரியாக இருந்தும் கை வலிக்கிறது என்றால் மட்டும் ப்ரீலோடைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

மழையில் வால் வீசுகிறது, அல்லது மூக்கு திரும்ப மறுக்கிறது

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். கோலாலம்பூர் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மதியம் மூன்று மணிக்கு வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு எம்.ஆர்.ஆர்.2 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரே தெரியாது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகும்.

ஓபன் டிஃப் உள்ள பின்சக்கர ஓட்டக் காரில் அப்போது மிதித்தால் ஒரு சக்கரம்தான் சுற்றும். மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்து, கார் பக்கவாட்டில் போகாமல் காக்கும். டூ-வே போட்ட காரில் இரண்டும் ஒன்றாகப் பிடி இழக்கும். காக்க யாரும் இல்லை. ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விட்டாலும் டூ-வே பூட்டும். நுழையும்போது மூக்கு வெளியே தள்ளுவதும், மிதித்தால் வால் வருவதும் ஒரே காரில் நடப்பது இதனால்தான். கார் பழுதாகவில்லை. அந்த வகை அந்தச் சாலைக்குப் பொருந்தவில்லை.

தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு டூ-வே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கனவே போட்டிருந்தால், புதிதாக வாங்காமலே சில மாற்றங்கள் செய்யலாம். சில தயாரிப்புகளில் பிரஷர் ரிங்கில் இரண்டு விதச் சரிவுகளை வெட்டியிருப்பார்கள். குறுக்குத் தண்டை மாற்றி உட்கார வைத்தால் டூ-வே ஒன்-பாயிண்ட்-ஃபைவ் ஆகும். பிளேட் அடுக்கும் வரிசையை மாற்றினால் உராயும் பரப்பு குறைந்து பூட்டு மிருதுவாகும். ஸ்பிரிங் அல்லது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி ப்ரீலோடை இறக்கலாம். ஒரே நேரத்தில் மூன்றையும் செய்யாதீர்கள். எது உதவியது என்று தெரியாமல் போகும். சரிவின் கோணத்தை மட்டும் நண்பர் சொன்ன எண்ணை வைத்து வாங்காதீர்கள். சிலர் தண்டின் அச்சிலிருந்து அளக்கிறார்கள், சிலர் அதற்குச் செங்குத்தாக. ஒரு கம்பெனியின் 55 இன்னொரு கம்பெனியில் வேறு குணம் காட்டும். அந்தந்தக் கம்பெனியின் படத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பின் டயரின் பூவைப் பாருங்கள். பூ தேய்ந்த டயரில் எந்த எல்.எஸ்.டி.யும் நல்ல பிள்ளையாக இருக்காது.

பொருத்திய பிறகு ஊளைச் சத்தம்

பின் டிஃப்பில் எல்.எஸ்.டி. மாற்றியதிலிருந்து குறிப்பிட்ட வேகத்தில் ‘ஊ’ என்று கேட்கிறதென்றால், எல்.எஸ்.டி.யைச் சந்தேகிக்காதீர்கள். டிஃப்புக்குள் விசையைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடியான க்ரவுன் வீலும் பினியனும் சரியாகச் சேரவில்லை. புதிய உறையின் அளவு பழையதிலிருந்து இம்மி வேறுபடும். பழைய ஷிம்மையே திரும்பப் போட்டால் போதாது.

டயல் கேஜ் வைத்து பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையிலான இடைவெளியை, அளக்க வேண்டும். பல வண்டிகளில் இது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. பிறகு பல்லில் மையைத் தடவிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல்லின் நடுவில் விழுந்தால் நல்லது. அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்திருக்கிறது. நுனியில் விழுந்தால் விலகி நிற்கிறது. ஒரு நாள் வேலையை அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் இந்தத் தடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடிந்தால் கொடுங்கள்.

முன்சக்கர ஓட்ட கியர்பாக்ஸில் இந்தத் தடம் பார்க்கும் வேலை இல்லை. ஆனால் பக்க பேரிங்கின் இறுக்கத்துக்கு ஷிம் அளந்து போட்டே ஆக வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறாத, வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் பேரிங்கினுடையது. மெதுவாக இடம் வலம் ஆட்டி ஓட்டும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்.

மிதித்து விட்டால் ‘டங்’

டிஃப் தொங்கும் புஷ் கிழிந்திருக்கும், அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் தளர்ந்திருக்கும். டூ-வேயில் தண்டு ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குத் தாவும் சின்னச் சத்தம் இயல்பு; காலில் உதைப்பது போல வந்தால் இயல்பு இல்லை.

ஆயிலில் இரும்பு, கருகிய வாசனை

வடிக்கும் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது பிளேட்டின் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் வந்தால் வண்டியை அத்தோடு நிறுத்துங்கள். ஓடுதளத்துக்குப் போய்வந்த பிளேட் எல்.எஸ்.டி.க்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். சூட்டில் சேர்மானம்தான் முதலில் சாகும். பக்க சீலில் கசிவு இருந்தால் சீலை மாற்றுவதற்கு முன் மூச்சுத்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் புது சீலும் கசியும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. எல்.எஸ்.டி. உள்ள காரை ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, இன்ஜினை ஓட்டி கியர் போடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், கார் ஜாக்கியிலிருந்து குதித்துவிடும். டயர் கடைக்குப் போனாலும் வண்டியைத் தொடுவதற்கு முன் அங்குள்ளவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நான் ஒரு சின்னச் சீட்டில் எல்.எஸ்.டி. வகை, எத்தனை வே, அன்று அளந்த ப்ரீலோட், ஊற்றிய ஆயிலின் பெயர், தேதி, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதி, பானட்டின் உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டிப் போட்டுவிடுவேன். அந்த எஸ்15இலும் ஒட்டியிருக்கிறது. அடுத்து அதைத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும், டார்ச்சையும் ஜாக்கியையும் தேடாமல் நேராக வேலையைத் தொடங்கலாம்.